குல்யாஷின் சனிக்கிழமைகள்

இரவெல்லாம் பெய்த பனி விடியற்காலையில் ஓய்ந்திருந்தது. கம்பளம் தட்ட இதைவிட நல்ல நாள் அமையாது என்று ரௌஷான் பேருந்திலிருந்து இறங்கும்போதே நினைத்துக்கொண்டாள். நிலக்கரி நகரமான கரகண்டாவில் பனி வெள்ளையாக இருப்பதெல்லாம் கொஞ்ச நேரக் கூத்துதான். மதியத்துக்குள் கொதிகலன் கூடத்துப் புகைபோக்கிகள் தங்கள் கைவரிசையைக் காட்டிவிடும். முற்றமெங்கும் யாரோ மிளகுத்தூள் தூவிவிட்டுப் போனதுபோல் ஆகிவிடும். அதற்குள் கம்பளத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். அவள் நடையை எட்டிப் போட்டாள்.

அம்மா குல்யாஷ் தயாராகவே இருந்தாள். அப்பாவின் பழைய பஞ்சுக் கோட்டை மாட்டி, இடுப்பில் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுருட்டிய கம்பளத்தை நடையில் சாய்த்து வைத்திருந்தாள். அப்பா கப்தேஷ் சுரங்கத்துக்குப் போட்டுக்கொண்டு போன கோட்டு அது. அவர் இறந்து எத்தனையோ வருஷமாகியும் அதன் கைமடிப்பில் நிலக்கரிக் கறுப்பு போகவில்லை. இருவரும் ஆளுக்கொரு முனையாகக் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். திருப்பங்களில் அம்மா "மெதுவா, மெதுவா" என்றாள். எல்லா வாரமும் அதே இடத்தில் அதைத்தான் சொல்வாள்.

முற்றத்தில் வேறு யாரும் இல்லை. முழங்கால் வரை கிடந்த புதுப்பனியில் கம்பளத்தைக் குப்புற விரித்து, இரண்டு பக்கமும் நின்று பிரம்புத் தட்டியால் அடிக்க ஆரம்பித்தார்கள். முதல் அடிக்கே தரைத்தள ஜன்னலின் சின்னக் கதவு படாரென்று திறந்தது. லீதியாவின் நரைத்த தலை வெளியே வந்தது.

"குல்யாஷ்! உன் வீட்டுத் தூசியெல்லாம் என் சூப்புலதான் விழணுமா?"

"உன் சூப்புல உப்பு உறைப்பே இருக்காதே லீதியா, அதான் கொஞ்சம் அனுப்பி வெச்சேன்!"

"வாயிருக்கே வாய்! மக வந்துட்டா போதும், உனக்கு எங்கிருந்துதான் தெம்பு வருமோ!"

ஜன்னல் மூடிக்கொண்டது. ரௌஷான் சிரித்துக்கொண்டே ஓங்கி அடித்தாள். இந்தச் சத்தத்துக்காகவே வாரம் பூராவும் காத்திருப்பதுபோல் அவளுக்குத் தோன்றும். மருந்துக்கடையில் ஐந்து நாளும் இருமுகிறவர்களின் முகத்துக்கு நேரே நின்று, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தன் ஒன்பதாவது மாடி வீட்டில் ஆளுக்கொரு திரையைப் பார்த்தபடி சாப்பிட்டு முடிப்பதுதான் அவள் வாழ்க்கை. சனிக்கிழமை இந்தப் பழைய முற்றத்துக்கு வந்து நின்றால் மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்காரும்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது சனிக்கிழமை காலையில் இந்த முற்றத்தில் கால் வைக்க இடமிருக்காது. எல்லா வாசலிலிருந்தும் கம்பளங்கள் இறங்கி வரும். நாலா பக்கமும் தட்டுகிற சத்தம் சுவர்களில் மோதி எதிரொலிக்கும். வீட்டுக்குள்ளே அம்மா திரைச்சீலையைச் சரேலென்று இழுத்து, "எழுந்திருங்க, பகல் போயிட்டிருக்கு!" என்று கூவி வானொலியைத் திருகிவிடுவாள். பாட்டு வந்ததும் அதோடு சேர்ந்து அவளும் பாடுவாள். தம்பி அஸ்கத்துக்குத் தரை துடைக்கிற வேலை. ரௌஷானுக்கு ஜன்னல் விளிம்புகள். ஈரத்துணியை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், துணி கறுத்துவிடும். அலசிவிட்டு மறுபடி இழுப்பாள், மறுபடி கறுக்கும். இரவுப் பணி முடிந்து வந்த அப்பாவைக் கம்பளத்துக்கு மட்டும் எழுப்புவார்கள். தட்டி முடித்ததும் அவளையும் தம்பியையும் கம்பளத்தின் மேல் உட்காரவைத்து, முனையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சறுக்குவண்டிபோல் இழுத்துப் போவார் அப்பா. அம்மா பின்னாலேயே தட்டியை ஆட்டிக்கொண்டு, "பாழாப்போறவரே, இப்பத்தானே தட்டினேன்!" என்று கத்தியபடி ஓடி வருவாள். திரும்ப விரித்ததும் வீடெல்லாம் உறைபனி வாசம் அடிக்கும். பாலூற்றிய தேநீரும், அடுக்குப் பானையிலிருந்து இறக்கிய இறைச்சிக் கொழுக்கட்டையும், ஈரத் தலையுமாக எல்லாரும் அந்தக் குளிர்ந்த கம்பளத்தின்மேல் உட்காருவார்கள். ரௌஷானுக்குச் சந்தோஷம் என்ற சொல்லைக் கேட்டால் மனசில் வருவது அதுதான். வேறொன்றும் வருவதில்லை.

கம்பளத்தைப் புரட்டிப் போட்டார்கள். அது கிடந்த இடத்தில் பனி கறுப்புக் கட்டமாகக் கிடந்தது. அம்மா அடிக்கவில்லை. தட்டியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ரௌஷான்."

"என்னம்மா, கை வலிக்குதா? நீ போய் உக்காரு, நான் அடிச்சுக்கறேன்."

"கை வலிக்கலை. நான் பால்கஷுக்குப் போறேன்."

"அந்த ஆரோக்கிய இல்லத்துல பாத்த சிநேகிதி வீட்டுக்கா? போயிட்டு வா. எப்ப திரும்புவே?"

"சிநேகிதி இல்லை." அம்மா தலைத்துணியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஷாயக்மெத்னு ஒருத்தர். ரயில்ல வேலை பாத்து ஓய்வு வாங்கினவர். பொண்டாட்டி செத்துப்போச்சு. ஏரிக்கரையில வீடு இருக்கு. மசூதியில நிக்காஹ் ஓதிக்கலாம்ங்கிறார். நான் சரின்னுட்டேன்."

ரௌஷானுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. போன இலையுதிர்காலத்தில், மூட்டுவலிக்கு நல்லது என்று அம்மாவை அந்த ஆரோக்கிய இல்லத்துக்குப் பிடிவாதமாக அனுப்பி வைத்தவளே அவள்தான். அம்மா போகமாட்டேன் என்று எவ்வளவோ சொன்னாள். சேற்றுக் குளியல் எடுத்துவிட்டுத் திரும்புவாள் என்று பார்த்தால், மாப்பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். சிரிப்பு வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. அவள் தட்டியை ஓங்கினாள். அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். கம்பளத்தில் தூசி என்று ஒன்று இல்லாமல் போன பிறகும் அடித்தாள்.

ஜன்னல் கதவு திறந்தது. "ஏய் பொண்ணு! அது கம்பளம்டி, திருடன் இல்லை!" என்றாள் லீதியா.

அதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. அதிலிருந்தே விஷயம் நிஜம் என்று ரௌஷானுக்கு உறைத்தது.

மாடிக்கு வந்து கம்பளத்தை விரித்தார்கள். உறைபனி வாசம் அடித்தது. எப்போதும்போல் அம்மா மாவைப் பிசைந்து மூடி வைத்திருந்தாள். ரௌஷான் கறியையும் வெங்காயத்தையும் கத்தியாலேயே பொடிப்பொடியாகக் கொத்தினாள். அரவை எந்திரத்தில் போட்டால் சாறெல்லாம் போய்விடும் என்பது அம்மாவின் சட்டம். பூசணியைத் துருவிச் சேர்த்து, மிளகு தூவி, கையால் பிசைந்தாள். அம்மா மாவை மேசை நிறையத் தேய்த்துச் சதுரங்களாக வெட்டிப் போட்டாள். எதிரெதிரே உட்கார்ந்து மடித்தார்கள். அம்மாவின் விரல்கள் தன்போக்கில் போய்க்கொண்டிருந்தன: நாலு முனையை நடுவில் கூட்டி ஒரு கிள்ளு, இரண்டு பக்கமும் காதுபோல ஒரு கிள்ளு. முடிந்ததைப் பலகையில் அடுக்கி பால்கனியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாக உறைந்துவிடும். ரௌஷான் ஒரு பை நிறைய எடுத்துப் போவாள். வாரம் முழுக்க அவள் வீட்டில் அதுதான் இரவுச் சாப்பாடு.

"அஸ்கத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ரௌஷான்.

"போன்ல சொன்னேன். 'பிரமாதம்மா, மீன் அனுப்பி வைம்மா'ங்கிறான்."

"அவனுக்கென்ன. அஸ்தானாவுல உக்காந்துக்கிட்டு அவன் எதை வேணா சொல்லுவான். வருஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பாக்கறவன்." அவள் கையிலிருந்த கொழுக்கட்டை பிதுங்கியது. "அப்பாவை நெனைச்சுப் பாத்தியாம்மா?"

"அப்பாவை எதுக்கு இதுல இழுக்கறே? நான் நெனைக்காத நாள் கிடையாது. நெனைக்கிறதுக்கு இந்த ஊர்லயேதான் இருக்கணுமா?"

"இந்த வீடு?"

"வீடு இங்கயேதான் இருக்கும். அது எங்க போகுது?"

"அப்ப சனிக்கிழமை?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று ரௌஷானுக்குத் தெரிந்தது. நாற்பது வயதை எட்டிப் பிடிக்கப்போகிறவள், பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தாய், குரல் உடைந்து போய்க் கேட்டாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மாவு ஒட்டிய புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இந்தச் சனிக்கிழமை இருக்கே, இது எனக்கு என்னிக்குமே பிடிச்சதில்லைடி."

"என்னம்மா சொல்றே?"

"டிராம் பணிமனையில வாரம் பூரா ஓட்டுநருங்ககிட்ட வாய்கிழியக் கத்திட்டு வருவேன். பாதி வாரம் ராத்திரி வேலை வேற. ஒரு சனிக்கிழமையாவது இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கலாம்னு உடம்பு கெஞ்சும். எங்க முடியும்? ஜன்னலைத் திறந்தா கரி. துணியைக் காயப்போட்டா கரி. இந்த ஊர்ல ஒரு வாரம் விட்டா வீடு சுரங்கமாயிடும். எழுந்திருப்பேன், வைவேன், செய்வேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே எனக்கு நாளைக்கு விடியவே வேண்டாம்னு இருக்கும்."

"நீ பாடுவியேம்மா! வானொலி வெச்சுப் பாடுவியே!"

"பாடலைன்னா உங்களைப் போட்டு அடிச்சிருப்பேன்." அம்மா சிரித்தாள். ரௌஷான் சிரிக்கவில்லை.

"அப்ப இப்ப எதுக்குச் செய்யறே? அப்பா போயி இத்தனை வருஷமா வாராவாரம் நான் வந்து உன்கூட..." அவள் கையிலிருந்த மாவுச் சதுரத்தை மேசையில் போட்டாள். "உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதானே நான் ரெண்டு பஸ் மாறி வர்றேன்?"

அம்மா கையிலிருந்ததைப் பலகையில் வைத்தாள். "என் குஞ்சு, நான் ஒருத்தி. ஒரு கிழவி நடக்கிற கம்பளத்துல வாராவாரம் தட்டறதுக்கு என்ன இருக்கு? நீ வருவே. வந்ததும் தட்டியைத் தேடுவே, உன் முகமே மாறிடும். உனக்கு இது வேணும்னு தெரிஞ்சுது. அதான் மாவைப் பிசைஞ்சு வெச்சுட்டு உக்காந்திருப்பேன்."

அடுக்குப் பானையில் தண்ணீர் கொதித்து மூடி தடதடத்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்து போய் அடுப்பைத் தணிக்கவில்லை. ரௌஷானுக்கு அம்மா வேறொருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பதுகூடப் பின்னால் போய்விட்டது. அவள் நடந்துவந்த தரையையே யாரோ உருவிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தப் பாட்டு, அந்தத் திரைச்சீலை, அந்த உறைபனி வாசம் எல்லாம் அவளுக்கு மட்டுமே நடந்ததா? அதே அறையில், அதே நேரத்தில், அம்மாவுக்கு வேறென்னவோ நடந்துகொண்டிருந்ததா? அவள் கையைக் கழுவினாள். கோட்டை மாட்டினாள்.

"கொழுக்கட்டையை எடுத்துக்கிட்டுப் போ."

"வேண்டாம். நீ கஷ்டப்பட்டுச் செஞ்சது. நீயே சாப்பிடு."

வாசற்படி இறங்குகிற வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். ரௌஷான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிப்ரவரி கடைசியில் ஷாயக்மெத் என்பவர் யாரோ தெரிந்தவரின் வேனை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவையும் அவளுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனார். ரௌஷான் கடையில் ஆளில்லை என்று சொல்லிவிட்டாள். கணவன் சாபித் கையில் ஒரு ஜோடி கம்பளிக் காலணியைக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் வந்த சாபித், "அம்மா அதை அங்கயே போட்டுக்கிட்டாங்க. வீட்டுச் சாவி லீதியாகிட்ட இருக்காம். அந்தம்மா ஜன்னல்லருந்தே 'மருமகனே, இனிமே நான் யார்கிட்டடா சண்டை போடறது?'ன்னு அழுதுச்சு" என்றான். "நீயும் வந்திருக்கலாம்" என்று அவன் சொல்லவில்லை. சொல்லாதது கேட்டது.

அந்தச் சனிக்கிழமைகளில் அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு வாரம், இதென்ன பெரிய விஷயம், என் வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்று கிளம்பினாள். விடிந்ததும் மகள் இங்காரின் அறைக்குப் போய்த் திரைச்சீலையைச் சரேலென்று இழுத்தாள். "எழுந்திரு, பகல் போயிட்டிருக்கு!" என்றாள். குரல் தன்னுடையதுபோல இல்லாமல் அறைக்குள் ஒலித்தது. சாபித்திடம் ஜன்னல் துடைக்கச் சொன்னாள். அவன் வாங்கி வைத்திருந்த, தானே ஓடிப் பெருக்கும் வட்டமான துடைப்ப இயந்திரத்தை அணைத்துப் போட்டாள். கைப்பேசியில் பாட்டு வைத்தாள். கம்பளத்தைச் சுருட்டியபோதுதான், இந்தப் புதுக் கட்டடத்தின் முற்றம் முழுக்கக் கார்கள் நிற்பதும், பனி விழுந்த கையோடு அதை வாரி அகற்றிவிடுவார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. சுருட்டிய கம்பளத்தை மறுபடி விரித்தாள். சமையலறையில் மாவைப் பிசைந்து, கறி கொத்தி, இங்காரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

இங்கார் மடித்த கொழுக்கட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. "இன்னும் எவ்வளவும்மா?"

"நான் உன் வயசுல பலகை பலகையா மடிப்பேன். பாட்டு கேட்டுக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே."

"நீ இப்ப சிரிக்கலையே."

ரௌஷான் கை நின்றது.

"காலைலருந்து மூஞ்சியை உர்ருனு வெச்சுக்கிட்டு எங்களை விரட்டிக்கிட்டே இருக்கே. அப்பா ஒளிஞ்சுக்கறதுக்குக் குளியலறைக்குப் போயிட்டார், பாத்தியா?" என்றாள் இங்கார். பிறகு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு சதுரத்தை எடுத்துக் கிள்ள ஆரம்பித்தாள்.

ரௌஷான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எப்படி இருப்பாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். நடுக்கூடத்தில் காலணியைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தாள். கையிலே பை. கண் சுவரில். அப்போது சின்ன ரௌஷான் ஓடிப் போய் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் திரும்பி, ஒரு நொடி யார் இது என்பதுபோல் பார்த்துவிட்டு, பிறகு அம்மா ஆனாள். இது எப்போதுமே நினைவில் இருந்ததுதான். அவள்தான் அந்தப் பக்கம் போனதில்லை.

அன்றைக்குக் கொழுக்கட்டை நன்றாகத்தான் வெந்தது. சாபித் இரண்டு தட்டு சாப்பிட்டான். அதற்குப் பிறகு ரௌஷான் யாரையும் எழுப்பவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை அவளே அம்மாவைக் கூப்பிட்டாள். கைப்பேசியில் வந்தது ஆண் குரல்.

"யாரு, ரௌஷானா? ஷாயக்மெத் பேசறேன்மா. அவ தூங்கறா."

"தூங்கறாங்களா? மணி பத்தாகப் போகுதே!"

"ஆமா, தூங்கறா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எழுந்ததும் பேசச் சொல்றேன்."

ரௌஷான் மறுபடி ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தாள். சனிக்கிழமையில் இந்நேரம் வரை அம்மா தூங்கி அவள் பார்த்ததே இல்லை. காய்ச்சலில்கூடப் படுத்ததில்லை. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றவள். சாயங்காலம் அம்மா கூப்பிட்டு, "ஒண்ணுமில்லைடி, நல்லாத்தான் இருக்கேன்" என்றபோது சந்தேகம் இன்னும் வலுத்தது. மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு ஒன்றுமில்லை என்கிற குரல்களைத் தெரியும். என்னவோ இருக்கிறது, மறைக்கிறாள். நான் முகம் கொடுத்துப் பேசாததால் மறைக்கிறாள். அந்த வாரம் முழுக்க அவள் மாத்திரைப் பெட்டிகளை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்து, முதலாளியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரிப் பேருந்தைப் பிடித்தாள். வருவதாக அம்மாவுக்குச் சொல்லவில்லை. பைக்குள் இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை வைத்துக்கொண்டாள்.

பால்கஷில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. செப்பு ஆலையைத் தாண்டி, ஏரிக்கரைச் சரிவில் நீல ஜன்னல் வைத்த தாழ்ந்த வீடுகள் வரிசையாக நின்றன. விசாரித்துக்கொண்டு போனாள். ஒரு வீட்டு முற்றத்தில், குட்டையான மனிதர் ஒருவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பெரிய கெண்டை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். சட்டைக் கையெல்லாம் செதில் மின்னியது. அவளைப் பார்த்ததும் கத்தியோடு எழுந்தார். கத்தியைப் பார்த்து அதைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைக்கப் போய், சட்டையைப் பார்த்து விட்டுவிட்டார்.

"கப்தேஷ் மகதானே நீ? அப்படியே அவர் மூக்கு. போட்டோல பாத்திருக்கேன்."

அப்பாவின் பெயரை அந்த வாயிலிருந்து கேட்க ரௌஷான் தயாராக இல்லை. "அம்மா எங்கே?" என்றாள். "அவங்க உடம்புக்கு என்ன? எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க."

"உடம்புக்கா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே. நேத்து டிவில ஏதோ படம். அழுதுக்கிட்டே கடைசி வரைக்கும் பாத்தா. இன்னிக்கு சனிக்கிழமைல்ல, தூங்கறா."

"எப்ப எழுந்திருப்பாங்க?"

"அவளுக்குத் தோணறப்போ." அவர் அதை விளக்கம் ஏதும் தேவைப்படாத விஷயம்போலச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீ சண்டை போட வந்திருக்கியா, சும்மா வந்திருக்கியாம்மா?" என்று கேட்டார்.

"ஏன்?"

"சண்டைன்னா பசிக்கும், இந்த மீன் பத்தாது. இன்னொண்ணு இருக்கு, அதையும் எடுத்துடுவேன்."

ரௌஷானுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு முட்டியது. அதை மறைத்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

சமையலறையில் நேற்றைய கோப்பைகள் தொட்டியில் கிடந்தன. மேசைமேல் சூரியகாந்தி விதைத் தொலி ஒரு சின்னக் குன்றாகக் குவிந்திருந்தது. தரையில் கம்பளம் இல்லை, வழவழப்பான வெறும் விரிப்புதான். அதில் வாசலிலிருந்து உள்ளறை வரை மணல் சிந்தியிருந்தது. அவள் கை தானாகக் கதவு மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்துக்குப் போனது. பின்னாலேயே வந்த ஷாயக்மெத் கிசுகிசுத்தார்:

"விடும்மா. சாயங்காலம் நான் பெருக்கிடுவேன்." கொஞ்சம் யோசித்து, நேர்மையாக, "இல்லைன்னா நாளைக்கு" என்றார். "ஆரம்பத்துல அவளுக்கும் கை சும்மா இருக்காது. ராத்திரி எழுந்து ஜன்னலைத் துடைப்பா. இங்க ஏதுடி கரி, வெறும் காத்துதானேன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். போன மாசம்தான் ஒருநாள் விரலால ஜன்னல் விளிம்பைத் தடவிப் பாத்தா, விரலைப் பாத்தா, அப்படியே போய்ப் படுத்துக்கிட்டா." அவர் தலையைச் சொறிந்தார். "உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பா. கம்பளத்துல வெச்சு உங்கப்பா உங்களை இழுத்துக்கிட்டுப் போவாராமே? 'அதுமட்டும் நான் செத்தாலும் கூட வரும்'ங்கறா."

அவர் மீனைப் பார்க்கப் போய்விட்டார். ரௌஷான் துடைப்பத்தை இருந்த இடத்திலேயே சாத்தினாள். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளறைக் கதவை மெல்லத் திறந்தாள்.

அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை தலையணைக்கு அடியில், இன்னொரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவிழ்ந்த நரைமுடி கன்னத்தில் கிடந்தது. போர்வைக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. சின்னக் குழந்தையின் பாதம்போல விரல்கள் அகன்று. இந்த முகத்தை ரௌஷான் பார்த்ததே இல்லை. அதில் யாருக்காகவும் எதுவும் தயாராக இல்லை. பைக்குள்ளிருந்த கருவியை எடுக்க நினைத்தவள், பையையே ஓசைப்படாமல் தரையில் வைத்தாள்.

எழுப்பினால் கண்ணைத் திறந்து, தன்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, மாவு எங்கே என்று தேடுவாள். எழுப்பாமல் இருந்தால் எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் கட்டிலருகே நின்றாள். வெளியே ஏரியில் பனிப்பாளங்கள் உடைந்து ஒன்றோடொன்று உரசும் ஓசை, யாரோ தொலைவில் கண்ணாடிப் பாத்திரங்களை மெல்ல அடுக்குவதுபோல் வந்துகொண்டிருந்தது. திரை இல்லாத ஜன்னலில் வெயில் ஏறி, தலையணை ஓரத்தைத் தொட்டு, அம்மாவின் நெற்றிக்கு வந்தது. இமைகள் சுருங்கின. ரௌஷான் ஓரடி நகர்ந்து ஜன்னலை மறைத்து நின்றாள். அவளுடைய நிழல் அம்மாவின் முகத்தில் விழுந்தது. சுருக்கம் விலகியது. வெயில் நகர நகர, அவளும் ஓசைப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.